வண்டிக்கும் ஜாதகம் உண்டு!
(மூன்றாமாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



பிறந்த ஊர், பிறந்த மாதம், எத்தனாவது பிள்ளை, என்ன குலம் என்று எழுதி வைத்தால் அது மனிதனுக்கு ஜாதகம். வண்டிக்கு அப்படி ஒன்று உண்டா என்று கேட்டால், உண்டு என்றுதான் சொல்வேன். கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் சின்னத் தகட்டிலும், இன்ஜின் பிளாக்கிலும், சேஸிஸ் இரும்பிலும் அது எழுதியிருக்கிறது. படிக்கத் தெரிந்தவனிடம் அந்த எண்கள் பேசும். தெரியாதவனுக்கு வெறும் கிறுக்கல்தான்.

நாம் மூன்று வருஷம் இன்ஜினைப் பிரிக்கிறோம், கியர் பாக்ஸைப் பிரிக்கிறோம். ஆனால் "இது எந்த வண்டி? எந்த வருஷம்? இந்த இன்ஜின் இந்த வண்டியோடதுதானா?" என்று ஒருவர் கேட்டால் எத்தனை பேர் பதில் சொல்வோம்? சிலபஸில் இதற்குத் தனிப் பாடம் இல்லை. அதனால்தான் ஆண்டு மலரில் இதை எழுதலாம் என்று நினைத்தேன்.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் பழைய செவர்லே பிக்கப். ஏன் என்றால் அதன் எண் முறை எளிமையானது. கம்ப்யூட்டர் வேண்டாம், புத்தகம் வேண்டாம், விரல் விட்டு எண்ணியே படித்துவிடலாம். அதைப் படிக்கப் பழகினால் நம்ம ஊர் வண்டியைப் படிப்பது சுலபம்.

எந்த வண்டி இது?

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, 1947 ஜூனில் செவர்லே கம்பெனி ஒரு புது வரிசை லாரிகளைக் கொண்டுவந்தது. "அட்வான்ஸ் டிசைன்" என்று பெயர். உருண்டையான பானெட், உப்பிய மட்கார்டு, அதற்குள்ளேயே பதித்த ஹெட்லைட். பழைய ஆங்கிலப் படங்களில் பண்ணை வீட்டு வாசலில் நிற்குமே, அந்த வண்டிதான். 1955ஆம் வருஷத் தொடக்கம் வரை இதே உருவத்தில் வந்தது.

செவர்லே நம்ம நாட்டுக்கும் புதிதல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் அசெம்பிளி ஆலை தொடங்கி 1954 வரை நடத்தியது. ஆனால் நான் இங்கே சொல்லப்போவது அமெரிக்க ஆலைகளில் போட்ட எண்களைப் பற்றி மட்டுமே.

இந்த வரிசையில் மூன்று அளவு பிக்கப் உண்டு. அரை டன் வண்டிக்கு 3100 என்று பெயர், வீல்பேஸ் 116 அங்குலம். முக்கால் டன் 3600, வீல்பேஸ் 125¼ அங்குலம். ஒரு டன் 3800, வீல்பேஸ் 137 அங்குலம்.

தோற்றத்தை நம்பலாமா?

ஓரளவுக்கு நம்பலாம். வருஷா வருஷம் கம்பெனி சில மாற்றங்கள் செய்தது. 1949இல் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் வந்தது. 1951இல் கதவுக் கண்ணாடியோடு ஒரு சின்ன முக்கோணக் கண்ணாடி சேர்ந்தது. 1952இல் கதவுக் கைப்பிடி, கட்டை விரலால் அழுத்தித் திறக்கும் வகைக்கு மாறியது. 1954இல் முன் கண்ணாடி இரண்டு துண்டாக இல்லாமல் ஒரே கண்ணாடியாக ஆனது, முன் கிரில்லும் மாறியது.

அப்படியானால் பார்த்தவுடன் வருஷத்தைச் சொல்லிவிடலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். இந்த எட்டு வருஷ வண்டிகளில் மட்கார்டு, பானெட், கதவு என்று பல சாமான்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும். எழுபது வருஷம் ஓடிய வண்டி எத்தனை முறை இடித்திருக்கும், எத்தனை முறை காயலான் கடையிலிருந்து கதவு வாங்கி மாட்டியிருப்பார்கள்? 1948 வண்டிக்கு 1951 கதவு மாட்டினால் தோற்றம் பொய் சொல்லும். அதனால்தான் எண் வேண்டும்.

எண்ணைப் பிரிப்போம் வாங்க

முதலில் ஒரு விஷயம். ஆங்கில எழுத்தைத் தமிழில் எழுதும்போது பம்பாய்க்கு வரும் பி-யும் பாரிஸுக்கு வரும் பி-யும் ஒன்றாகத் தெரியும். இந்தக் கட்டுரையில் செவர்லே எண்ணில் பி வந்தால் அது பாரிஸ் பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் பக்கக் கதவின் கீல் மாட்டும் தூணில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதில் சீரியல் எண் அடித்திருப்பார்கள். உதாரணத்துக்கு நானே ஒரு எண்ணை எழுதுகிறேன்:

5 ஜே பி எஃப் 2345

இதை நான்கு துண்டாக வெட்ட வேண்டும்.

முதல் துண்டு 5. இது பிறந்த ஊர். எந்த ஆலையில் பூட்டினார்கள் என்பதைச் சொல்லும்.

1 – ஃபிளின்ட்
2 – டாரிடவுன்
3 – செயின்ட் லூயிஸ்
5 – கான்ஸஸ் சிட்டி
6 – ஓக்லண்ட்
8 – அட்லாண்டா
9 – நார்வுட்
14 – பால்டிமோர்
20 – லாஸ் ஏஞ்சலஸ்
21 – ஜேன்ஸ்வில்

ஆக, நம்ம வண்டி கான்ஸஸ் சிட்டியில் பிறந்தது.

இரண்டாம் துண்டு ஜே பி. இதில் முதல் எழுத்து மாடல் வருஷம். 1947க்கு இ, 1948க்கு எஃப், 1949க்கு ஜி, 1950க்கு ஹெச், 1951க்கு ஜே, 1952க்கு கே. நடுவில் ஐ என்ற எழுத்தைத் தாண்டிவிட்டார்கள், கவனித்தீர்களா? இரண்டாவது எழுத்து வண்டியின் அளவு. பி என்றால் 3100, ஆர் என்றால் 3600, எஸ் என்றால் 3800. ஆக ஜே பி என்றால் 1951 மாடல், அரை டன்.

மூன்றாம் துண்டு எஃப். இது பிறந்த மாதம். ஜனவரிக்கு ஏ என்று தொடங்கி வரிசையாக எண்ணிக்கொண்டே போனால் டிசம்பருக்கு எல். எஃப் ஆறாவது எழுத்து, எனவே ஜூன்.

நான்காம் துண்டு 2345. இது வரிசை எண். 1001இல் ஆரம்பிப்பார்கள். அதனால் 2345 என்பது 1,345ஆவது வண்டி.

அவ்வளவுதான்! 1951 ஜூனில் கான்ஸஸ் சிட்டி ஆலையில் பூட்டிய அரை டன் பிக்கப். ஒரு கடலை மிட்டாய் அளவு எழுத்தில் இவ்வளவு விஷயம்.

மூன்று பொறிகள்

சுலபம் என்று சொன்னேன். ஆனாலும் மூன்று இடத்தில் ஏமாறுவார்கள்.

ஒன்று, மாடல் வருஷம் வேறு, காலண்டர் வருஷம் வேறு. புது மாடலை ஆலையில் முந்தின வருஷக் கடைசியிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். எண்ணில் டிசம்பருக்கான எழுத்து வந்தால், அது மாடல் வருஷத்து டிசம்பரா, அதற்கு முந்தின டிசம்பரா என்று யோசிக்க வேண்டும்.

இரண்டு, ஒரே எழுத்துக்கு இடத்துக்கு இடம் வேறு பொருள். கே என்ற எழுத்து இரண்டாம் துண்டில் வந்தால் 1952 மாடல். மூன்றாம் துண்டில் வந்தால் நவம்பர் மாதம். 1953இல் எண் முறையையே மாற்றினார்கள். அப்போது எண் "ஹெச் 53 கே 012345" என்ற மாதிரி வரும். ஹெச் என்பது 3100 வரிசை, 53 என்பது வருஷம், கே என்பது கான்ஸஸ் சிட்டி ஆலை. 1950இல் வருஷத்தைக் குறித்த ஹெச், மூன்று வருஷத்தில் அளவைக் குறிக்க வந்துவிட்டது! ஆகவே முதலில் எண்ணின் அமைப்பைப் பார்த்து எந்தக் காலத்து முறை என்று முடிவு பண்ண வேண்டும். பிறகுதான் எழுத்துக்குப் பொருள் சொல்ல வேண்டும்.

மூன்று, வருஷ எழுத்தில் ஐ-யை விட்டவர்கள் மாத எழுத்தில் விடவில்லை. செப்டம்பர் மாதத்துக்கு ஐ. துருப்பிடித்த தகட்டில் ஐ-யும் 1-உம் ஒரே கோடுதான். செப்டம்பர் வண்டியின் எண்ணைப் பார்த்து எழுதுகிறவர் அந்த ஐ-யை 1 என்று எழுதினால் மாதமே காணாமல் போகும், வரிசை எண் ஐந்து இலக்கமாகி விடும்.

இன்ஜின் சொல்லும் சாட்சி

தகடு ஒரு சாட்சி. ஒரு சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லலாமா? தகட்டைக் கழற்றி வேறு வண்டியில் மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? பழைய வண்டி புதுப்பிக்கிறவர்களுக்காக எண் அடிக்காத வெற்றுத் தகடுகள்கூட அமெரிக்காவில் விற்கிறார்கள். அதனால் இரண்டாவது சாட்சியாக இன்ஜினைக் கூப்பிட வேண்டும்.

செவர்லே ஆறு சிலிண்டர் இன்ஜினில் இரண்டு வகை எண் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் மட்டமாகச் சீவிய இடத்தில் பஞ்ச் வைத்து அடித்த இன்ஜின் நம்பர் ஒன்று. இது பள்ளமாக இருக்கும். பிளாக்கை வார்க்கும்போதே அச்சில் வந்த காஸ்டிங் நம்பரும் தேதியும் இன்னொன்று. இது மேடாக இருக்கும். பள்ளமான எண்ணை அரைத்துவிட்டு மறுபடி அடிக்கலாம். மேடாக வார்த்த எண்ணை அப்படி மாற்றுவது கஷ்டம்.

காஸ்டிங் தேதி படிப்பது எப்படி? முதலில் மாத எழுத்து, பிறகு தேதி, கடைசியில் வருஷத்தின் கடைசி இலக்கம் மட்டும். "டி 20 1" என்று இருந்தால், டி நான்காவது எழுத்து, ஆக ஏப்ரல் 20, வருஷம் 1இல் முடிகிறது. 1941ஆ, 1951ஆ, 1961ஆ? தேதி தனியாகச் சொல்லாது. காஸ்டிங் நம்பரையும் வண்டியின் எண்ணையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது நம்ம உதாரண வண்டிக்கு வருவோம். வண்டி 1951 ஜூனில் பூட்டியது. பிளாக் 1951 ஏப்ரல் 20இல் வார்த்தது என்றால் கணக்கு சரி. வார்த்து, கடைந்து, பூட்டி, ஆலைக்கு அனுப்ப அந்த இடைவெளி பொருத்தமானதே. ஆனால் பிளாக்கில் "ஹெச் 9 3" என்று இருந்தால்? 1953 ஆகஸ்ட் 9. பிள்ளை பிறந்து இரண்டு வருஷம் கழித்து இதயம் பிறக்குமா? இது பிற்பாடு மாற்றிய இன்ஜின் என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம்.

இன்ஜின் மாற்றியிருந்தால் அது திருட்டு வண்டி என்று அர்த்தமில்லை. இதற்கு நம்ம பாடத்திலேயே காரணம் இருக்கிறது. 1953 வரை அரை டன் வண்டிக்கு வந்தது 216 கன அங்குல இன்ஜின், சுமார் 3.5 லிட்டர். அதில் கனெக்டிங் ராடுக்குப் பாபிட் உலோகத்தை ஊற்றிய பேரிங். ராடின் அடியில் இருக்கும் கரண்டி எண்ணெயில் தோய்ந்து உயவு கொடுக்கும் முறை. பண்ணை ரோட்டில் மெதுவாகப் போகும்வரை தொந்தரவு இல்லை. நெடுஞ்சாலையில் விரட்டினால் பேரிங் தாங்காது. 1954இல் அரை டன் வண்டிக்கு 235 கன அங்குல இன்ஜின் வந்தது, சுமார் 3.9 லிட்டர். மாற்றக்கூடிய ஷெல் பேரிங், பம்ப் வைத்து அழுத்தத்தில் எண்ணெய் அனுப்பும் முறை. வெளி அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். பிறகு கேட்க வேண்டுமா? பழைய 216-ஐ இறக்கிவிட்டு 235-ஐ ஏற்றியவர்கள் ஏராளம். நம்ம ஊரில் ஹாஃப் இன்ஜின் மாற்றுகிற மாதிரித்தான்.

பேப்பரில் வந்த வினை

வண்டியில் வந்த மாற்றம் பேப்பரிலும் வந்ததா என்பதுதான் கேள்வி. அந்தக் காலத்தில் அமெரிக்காவின் சில மாநிலங்களில் வண்டியைப் பதிவு செய்யும்போது சீரியல் எண்ணுக்குப் பதில் இன்ஜின் நம்பரை எழுதிவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து இன்ஜினை மாற்றியவர் பேப்பரை மாற்றவில்லை. இப்போது பேரன் அந்த வண்டியைத் தொழுவத்திலிருந்து வெளியே இழுத்தால், கையில் இருக்கும் பேப்பரில் உள்ள எண் வண்டியில் எங்கேயும் இல்லை! வண்டி தாத்தாவுடையதுதான். ஆனால் நிரூபிக்க வழி?

இன்னொரு சம்பவம் இதைவிட மோசம். கான்ஸஸ் மாநிலத்தில் ஒருவர் 1959ஆம் வருஷத்து செவர்லே கார்வெட் கார் ஒன்றை வாங்கி, 2017இல் பதிவுக்காகச் சோதனைக்குக் கொண்டுபோனார். வண்டியை யாரோ புதுப்பித்தபோது எண் தகட்டைக் கழற்றி மறுபடி மாட்டியிருந்தார்கள். தகடு கழற்றப்பட்டிருக்கிறது என்று போலீஸ் காரைப் பறிமுதல் செய்துவிட்டது. எண் கலைக்கப்பட்ட வண்டியை அழித்துவிட வேண்டும் என்பது அங்கே அன்றைய சட்டம். வாங்கியவர் மேல் குற்றம் இல்லை, ஆனால் கார் வரவில்லை. வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. 2022இல் மாநிலச் சட்டத்தையே திருத்தினார்கள், அதற்குப் பிறகுதான் வழி பிறந்தது. வண்ணம் பூசுவதற்காகக் கழற்றிய ஒரு சின்னத் தகடு, ஐந்து வருஷத்தைத் தின்றுவிட்டது!

டிங்கரிங், பெயிண்டிங் பட்டறைக்குப் போகப்போகும் நண்பர்கள் இதை மனதில் வையுங்கள். எண் தகட்டைக் கழற்றுவது நமக்கு வேலைச் சௌகரியம். சட்டத்தின் கண்ணுக்கு அது ஆளையே மாற்றுவது மாதிரி.

இரும்புக்கு ஞாபகம் உண்டு

எண்ணை அரைத்துவிட்டால் போயிற்று என்று திருடன் நினைப்பான். நம்ம மெட்டலர்ஜி பாடம் அப்படிச் சொல்லவில்லை. பஞ்ச் வைத்துச் சுத்தியலால் அடிக்கும்போது கண்ணுக்குத் தெரியும் பள்ளம் மட்டும் உண்டாவதில்லை. பள்ளத்துக்கு அடியிலும் இரும்பின் படிக அமைப்பு நசுங்கி இறுகிவிடுகிறது. கோல்டு ஒர்க்கிங் என்று படிக்கிறோமே, அதுதான். பள்ளம் மறையும் அளவுக்கு மட்டும் அரைத்தால், இறுகிய பகுதி கீழே அப்படியே இருக்கும். அந்த இடத்தை மெருகிட்டு, தாமிர குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த திரவத்தைத் தடவினால், இறுகிய இரும்பும் இறுகாத இரும்பும் வேறு வேறு விதமாக அரிக்கப்படும். போன எண் மங்கலாகத் திரும்பி வரும். தடயவியல் ஆய்வகங்களில் இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஆழமாக அரைத்திருந்தால் இது பலிக்காது. அச்சில் வார்த்த மேடான எண்ணுக்கும் பலிக்காது, ஏனென்றால் அங்கே நசுங்கிய பகுதியே கிடையாது.

ஆய்வகம் வரை போகாமல் கண்ணாலேயே சில விஷயம் தெரியும். எண் இருக்கும் இடம் மட்டும் வழவழவென்று பள்ளமாக இருக்கிறதா? எழுத்துக்கு எழுத்து இடைவெளி மாறுகிறதா? ஒரே எண்ணில் வரும் இரண்டு 4-உம் ஒரே வடிவமா? ஓர் எழுத்து மட்டும் ஆழமா? பெயிண்ட் அந்த இடத்தில் மட்டும் புதிதா? இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

பதினேழு எழுத்தும் ஒரு கணக்கும்

ஆளுக்கு ஒரு முறையில் எண் போட்டால் குழப்பம் தீராது என்று, 1981 மாடலிலிருந்து அமெரிக்காவில் எல்லா வண்டிக்கும் பதினேழு எழுத்து எண் கட்டாயம் ஆனது. உலகம் முழுவதும் இன்று அந்த அமைப்புதான். 0 உடனும் 1 உடனும் குழம்பும் என்று ஐ, ஓ, க்யூ மூன்று எழுத்தையும் அடியோடு தள்ளிவிட்டார்கள். பழைய செவர்லே செப்டம்பர் வண்டிகள் கற்றுக்கொடுத்த பாடம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

உங்கள் வீட்டு வண்டியின் ஆர்.சி. புக்கை எடுத்து சேஸிஸ் எண்ணைப் பாருங்கள். நம்ம நாட்டில் செய்த வண்டி என்றால் பெரும்பாலும் எம் என்ற எழுத்தில் ஆரம்பிக்கும். "எம் ஏ 1" என்றால் மஹிந்திரா, "எம் ஏ 3" என்றால் மாருதி.

வட அமெரிக்காவில் ஒன்பதாவது இடம் சோதனை இலக்கம். மற்ற எல்லா நாட்டிலும் இது கட்டாயம் இல்லை. கணக்கு ரொம்ப அழகு. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எடை: 8, 7, 6, 5, 4, 3, 2, 10, 0, 9, 8, 7, 6, 5, 4, 3, 2. மதிப்பையும் எடையையும் பெருக்கிக் கூட்டி 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் ஒன்பதாவது இடத்தில் இருக்க வேண்டும். மீதி 10 என்றால் எக்ஸ். பதினேழு இடத்திலும் 1 போட்டுப் பாருங்கள். கூட்டினால் 89, பதினொன்றால் வகுத்தால் மீதி 1. ஒன்பதாவது இடத்திலும் 1. சரியாக வருகிறது!

ஏன் 11? அது பகா எண். பம்பாய் பி-யின் மதிப்பு 2. அதை யாராவது 8 என்று படித்தால் வித்தியாசம் 6. எந்த எடையால் பெருக்கினாலும் அது 11ஆல் வகுபடாது. எனவே மீதி மாறியே தீரும், தப்பு மாட்டியே தீரும்.

இந்த பி-யும் 8-உம் எங்கள் வீட்டில் விளையாடிவிட்டுப் போன எழுத்துகள். அப்பா லோடு வண்டி ஓட்டுகிறவர். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி, இங்கிலீஷ் எழுத்து தெரியாது. கடன் வாங்கி ஒரு பழைய பிக்கப் எடுத்தார். எஃப்.சி.க்குப் போனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் சேஸிஸ் பிரிண்டைப் பார்த்தார். "ஆர்.சி.யில் இருக்கிற நம்பரும் வண்டியில் இருக்கிற நம்பரும் ஒத்துவரலையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மூன்று மாசம் வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. தவணை மட்டும் நிற்கவில்லை. "திருட்டு வண்டியை வாங்கிட்டாரு போல" என்று தெருவில் பேச்சு வேறு.

நான் செல்லோடேப்பில் எடுத்த பிரிண்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அதே எண்ணில் வேறு இடத்தில் ஒரு 8 இருந்தது. அதன் இடப்பக்கம் இரண்டு வளைவு. சந்தேகத்துக்குரிய எழுத்தின் இடப்பக்கமோ நேர்க்கோடு, மேலும் கீழும் கூர்முனை. அது 8 இல்லை, பம்பாய் பி. எப்போதோ ஆர்.சி. போட்டபோது தட்டச்சில் 8 ஆகிவிட்டது. முதல் ஓனரைத் தேடிப் பிடித்து, புது வண்டியாக வாங்கிய இன்வாய்ஸ் நகலை வாங்கினோம். அதில் தெளிவாகப் பி இருந்தது. அதன் பிறகே ஆர்.சி.யைத் திருத்திக் கொடுத்தார்கள். "ஒரு எழுத்துக்கா இத்தனை அலைச்சல்?" என்று அப்பா கேட்டார். ஆமாம், ஒரே ஒரு எழுத்துக்குத்தான்.

நாம் செய்ய வேண்டியது

பழைய வண்டி எது கைக்கு வந்தாலும், செவர்லே ஆனாலும் நம்ம ஊர் ஜீப் ஆனாலும், வரிசை இதுதான்.

1. எண் இருக்கும் இடத்தை மண்ணெண்ணெயும் துணியும் கொண்டு துடையுங்கள். எமரி தாள், கிரைண்டர், வயர் பிரஷ் வேண்டவே வேண்டாம்.

2. கையால் எழுதுவதற்கு முன் போட்டோவும் பென்சில் பிரிண்டும் எடுங்கள். கண் ஏமாற்றும், பிரிண்ட் ஏமாற்றாது.

3. தகடு, சேஸிஸ், இன்ஜின் நம்பர், காஸ்டிங் தேதி, பேப்பர் எல்லாவற்றையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதுங்கள்.

4. தேதிகளைக் கால வரிசையில் வையுங்கள். பாகம் முதலில் பிறக்க வேண்டும், வண்டி பிறகு, பேப்பர் கடைசியாக. வரிசை தலைகீழானால் அங்கே ஒரு கதை இருக்கிறது.

5. ஒத்துவராத எண்ணைக் கண்டவுடன் "திருட்டு" என்று சொல்லிவிடாதீர்கள். மாற்றிய இன்ஜினா, தட்டச்சுப் பிழையா, கலைத்த எண்ணா என்று பிரித்துப் பாருங்கள். மூன்றும் வேறு வேறு.

6. எண்ணை நீங்களாக அடிக்காதீர்கள், திருத்தாதீர்கள், தகட்டைக் கழற்றாதீர்கள். அமெரிக்காவில் 1984லிருந்து இதற்கு மத்தியச் சட்டமே இருக்கிறது. நம்ம ஊரிலும் சேஸிஸ் நம்பரில் கை வைத்தவன் கதை நல்லபடியாக முடிந்ததில்லை.

நண்பர்களே, ஓர் எண் தனியாக நின்றால் அது வெறும் எண்தான். வெவ்வேறு நாளில், வெவ்வேறு கை, வெவ்வேறு இடத்தில் போட்ட எண்கள் எல்லாம் ஒரே கதையைச் சொன்னால்தான் அது அடையாளம். அந்தக் கதையை வாசித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஆர்.சி. புக்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கை நாட்டு வைத்து வண்டி வாங்குகிறவர்கள் இன்னும் நம்ம ஊரில் நிறைய இருக்கிறார்கள். நாளைக்கு அவர்கள் வந்து நிற்கப்போவது நம்ம பட்டறை வாசலில்தான். ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் எண்ணைப் படித்துச் சொல்லுவோம். டிப்ளமோ படித்ததற்கு அது ஒரு நல்ல உபயோகம்.